குந்துமணியிலும் குறைந்த தங்கம்

சென்ற வாரம் ஒரு பழைய பாக்கெட் கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் அதன் பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பொருத்தியிருந்த திருகுகளில் ஒன்றை மட்டும் கழற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து லென்ஸ் வழியே பார்த்தேன். எஃகுப் பகுதிகளில் ஆங்காங்கே துருப்புள்ளிகள் இருந்தன. பித்தளைச் சக்கரங்கள் பழுப்பேறியிருந்தன. எண்ணெய் இட்ட இடங்களில் பசை காய்ந்து கிடந்தது. எள்ளில் பாதிகூட இல்லாத அந்தத் திருகு மட்டும் நேற்றுத்தான் கடைந்தெடுத்ததுபோல் மஞ்சளாக மின்னியது. அது தங்கத் திருகு. அதன் தலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது மிக நுண்ணிய சுரண்டல் தடம் ஒன்று தெரிந்தது. எப்போதோ ஒருவர், கடிகாரத்தின் ஓட்டத்தைச் சரிசெய்வதற்காக, அந்தத் திருகிலிருந்து கண்ணுக்கே தெரியாத அளவு தங்கத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்.

தங்கக் கடிகாரம் என்றதும் எல்லோருடைய நினைவுக்கும் வருவது வெளியே தெரியும் உறைதான். உள்ளே, கடிகாரத்தை ஓட்டும் இயந்திரமான மூவ்மெண்டில், தங்கம் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வியை நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கிறேன். பல கடிகாரங்களைப் பிரித்துப் பார்த்த பின்னர் எனக்கு ஏற்பட்டிருக்கும் எண்ணம் இது: மூவ்மெண்டில் தங்கம் எவ்வளவு சிறிய துண்டாக இருக்கிறதோ, பெரும்பாலும் அவ்வளவு அதிகமாக உழைக்கிறது, துண்டு பெரிதாகப் பெரிதாக, உழைப்பு குறைந்து அழகின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. அழகை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரண்டையும் பிரித்தறிந்து பார்த்தால்தான் இரண்டுக்கும் உரிய மரியாதை கிடைக்கும் என்று கருதுகிறேன்.

தங்கத்தின் மூன்று இயல்புகள் இங்கே முக்கியமானவை. அது கனமானது, தூய தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 19.3 கிராம், பித்தளைக்கு ஏறத்தாழ 8.4, எஃகுக்கு 7.8. அது காற்றோடும் ஈரத்தோடும் எண்ணெயோடும் வினைபுரிவதில்லை, காந்தத்துக்கும் மசிவதில்லை. மூன்றாவதாக, அது மென்மையானது. முதல் இரண்டும் கடிகாரம் செய்பவருக்கு வரம். மூன்றாவது சில இடங்களில் வரம், பல இடங்களில் தொல்லை. மென்மையைக் குறைக்கச் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள்; அப்படிக் கலந்தால் கடினம் ஏறும், அடர்த்தி இறங்கும். 22 காரட்டில் அது 17.7-ஐ ஒட்டியும், 18 காரட்டில் கலவையைப் பொறுத்து 15-க்கும் 16-க்கும் இடையிலும் நிற்கும்.

இனி அந்தத் திருகுக்கு வருகிறேன். பேலன்ஸ் சக்கரம் என்பது ஹேர்ஸ்பிரிங் என்னும் மெல்லிய சுருள்வில்லின் பிடியில் முன்னும் பின்னுமாக ஊசலாடும் சக்கரம்; சுவர்க்கடிகாரத்துக்கு ஊசல் எப்படியோ, சாவி கொடுத்து ஓட்டும் கைக்கடிகாரத்துக்கு இது அப்படி. அதன் ஒவ்வோர் ஊசலுக்கும் ஆகும் நேரத்தை இரண்டு பொருள்கள் முடிவு செய்கின்றன: சுருள்வில்லின் விறைப்பு, சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன். பின்னது நிறையை மட்டுமன்றி, அந்த நிறை மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. தொலைவின் இருமடிக்கு ஏற்ப அது பெருகும். ஆகவே கனம் முழுவதையும் விளிம்பில் கொண்டுபோய் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அதே சமயம் விளிம்பில் துருத்தி நிற்கும் பொருள் பருமனாக இருந்தால் காற்று அதைத் தடுக்கும். பக்கத்துப் பாகங்களுக்கும் இடம் குறையும். சிறிய உடலில் பெரிய கனம் வேண்டும் என்றால் தங்கத்தைத் தவிர எளிதில் கடையக்கூடிய வேறு உலோகம் அக்காலத்தில் பிளாட்டினம் ஒன்றுதான். 0.8 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. நீளமும் உள்ள உருளையை எடுத்துக்கொண்டால், பித்தளையில் அது சுமார் 4.2 மில்லிகிராம், 18 காரட் தங்கத்தில் சுமார் 7.7 மில்லிகிராம் எடை இருக்கும். ஒரே அளவுடைய திருகு, ஏறக்குறைய இருமடங்குக் கனம்.

இந்த அளவுகளைப் பார்த்து, இவ்வளவு சிறிய வேறுபாட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு நாளில் 86,400 நொடிகள் இருக்கின்றன. ஊசலாடும் நேரம் நிலைமத் திருப்புத்திறனின் இருமடி மூலத்துக்கு ஏற்ப மாறுவதால், அந்தத் திருப்புத்திறனில் 0.0023 விழுக்காடு குறைந்தாலே கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நொடி முந்திவிடும். விளிம்பிலேயே அரை கிராம் நிறை திரண்டிருப்பதாகக் கொண்டால், அந்த ஒரு நொடிக்குரிய தங்கம் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. நான் பார்த்த சுரண்டல் தடம் அதைப் போலச் சில மடங்குதான் இருக்க வேண்டும். கடிகாரம் பிந்தி ஓடினால் திருகின் அடியில் சிறிது சுரண்டி எடுப்பார்கள். முந்தி ஓடினால் திருகின் தலைக்கு அடியில் முடியளவு மெல்லிய வாஷர் ஒன்றை வைப்பார்கள். எதிரெதிராக உள்ள இரண்டு திருகுகளிலும் ஒரே அளவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தின் சமநிலை கெட்டு, கடிகாரத்தைச் செங்குத்தாக வைத்தால் ஓர் ஓட்டமும் படுக்க வைத்தால் வேறோர் ஓட்டமும் காட்டும். இங்கே தங்கத்தின் மென்மையும் உதவுகிறது: கத்தி முனையால் ஒரே சீராக இழை எடுக்க முடிகிறது.

அது துருப்பிடிக்காமல் இருப்பதன் பொருளும் இந்தக் கணக்கில்தான் விளங்குகிறது. எஃகுத் திருகில் துரு ஏறினால் அதன் எடை கூடும். பித்தளை கறுத்தாலும் அப்படியே. மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு நாளுக்கு ஒரு நொடி என்றால், விளிம்பில் படியும் துருவும் களிம்பும் வெறும் அழுக்காக நிற்பதில்லை, நேரப் பிழையாகவே மாறிவிடுகின்றன. தங்கம் தன் நிறையை அப்படியே காத்து வைக்கிறது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று மனிதர்களைப் பாராட்டும்போது நாம் குறிக்கும் அந்த மாறாத தன்மை, இங்கே அளந்தறியக்கூடிய பயனாக நிற்கிறது.

பழைய பேலன்ஸ் சக்கரங்களில் திருகுகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெப்பம் கூடினால் எஃகுச் சுருள்வில் தளரும், கடிகாரம் பிந்தும். இதை ஈடுகட்ட, உட்பக்கம் எஃகும் வெளிப்பக்கம் பித்தளையுமாக ஒட்டிய விளிம்பை இரண்டு இடங்களில் வெட்டிவிட்டார்கள். வெப்பத்தில் பித்தளை அதிகமாக விரிவதால் வெட்டப்பட்ட நுனிகள் உள்நோக்கி வளையும். அவற்றின் மேல் இருக்கும் கனமான திருகுகளும் மையத்தை நெருங்கும். சக்கரம் விரைவு பெறும். திருகுகளைவிடத் துளைகளை அதிகமாக வைத்திருப்பதன் காரணம் இதுதான். திருகை நுனிப்பக்கத் துளைக்கு மாற்றினால் ஈடுகட்டல் கூடும், ஆரக்காலின் பக்கம் மாற்றினால் குறையும். அடுப்பிலும் பனிக்கட்டிப் பெட்டியிலும் மாறி மாறி வைத்து, ஒவ்வொரு திருகாக இடம் மாற்றி, வாரக்கணக்கில் இந்த வேலையைச் செய்தார்கள். சார்ல்ஸ் எடுவார்ட் கியோம் கண்டறிந்த நிக்கல் எஃகுக் கலவைகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தன. அவருக்கு 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னர் வெட்டுவாய் இல்லாத வழுவழுப்பான சக்கரங்கள் வந்தன, திருகுகள் மெல்ல மறைந்தன. ஆயினும் தங்கம் முற்றிலும் விடைபெறவில்லை. ரோலெக்ஸ் தன் பேலன்ஸ் சக்கரத்தின் உள்விளிம்பில் வைக்கும் மைக்ரோஸ்டெல்லா நட்டுகள் இன்றும் தங்கத்தால் ஆனவை; அவற்றை இணை இணையாகத் திருகி உள்ளேயோ வெளியேயோ நகர்த்தித்தான் ஓட்டத்தைச் சரிசெய்கிறார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது சுவிஸ் நிறுவனமான பதேக் ஃபிலிப் 2011-இல் காட்டிய சிலிக்கான் பேலன்ஸ் சக்கரம். சிலிக்கானின் அடர்த்தி 2.33 மட்டுமே; அலுமினியத்தைவிட இலேசானது. அதனால் மட்டும் பேலன்ஸ் சக்கரம் செய்தால் நிலைமம் போதாது. அவர்கள் சக்கரத்தின் உடலைச் சிலிக்கானில் செய்து, விளிம்பில் 24 காரட் தங்கத்தைப் பதித்தார்கள். கனம் வேண்டாத இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கனம் வேண்டிய இடத்தில் உலோகங்களிலேயே மிகக் கனமான ஒன்று. அங்கே உரசலும் இல்லை, விசையும் இல்லை என்பதால் தூய தங்கத்தின் மென்மை ஒரு குறையாக எழவே இல்லை. பழைய தங்கத் திருகின் கருத்தை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தால் கிடைப்பது இதுதான்.

கனம் வேண்டாத இடத்தில் தங்கத்தை வைத்த வரலாறும் உண்டு. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டேயில் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே 1845-இல் தொடங்கிய பட்டறை, தன் மிக உயர்ந்த தரப் பாக்கெட் கடிகாரங்களில் பேலன்ஸ் சக்கரத்துக்கு உந்துதல் தரும் எஸ்கேப் சக்கரத்தையும் அதைத் தடுத்து விடுவிக்கும் நெம்புகோலையும் கடினப்படுத்திய தங்கக் கலவையில் செய்தது. இந்த இரண்டு பாகங்களும் ஒவ்வொரு நொடியிலும் பலமுறை நின்று நின்று பாய்பவை. ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவற்றை முடுக்குவதற்காகச் செலவாகும் ஆற்றல் வீணானதே; ஆகவே அவை எவ்வளவு இலேசாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. அப்படியிருக்க, அவ்வளவு கனமான உலோகத்தை ஏன் தேர்ந்தார்கள்? எஃகு காந்தம் ஏற்கும், துருப்பிடிக்கும். பித்தளையில் இருக்கும் செம்பு, எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போவதை விரைவுபடுத்தும். பழைய கடிகாரங்களில் எண்ணெய் பச்சை நிறமாகப் பிசுபிசுத்துக் கிடப்பதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். இந்த இரண்டு பாகங்களும் சேர்ந்த எஸ்கேப்மெண்டில் இடும் எண்ணெய்தான் கடிகாரத்திலேயே மிகக் கடினமான வேலையைச் செய்கிறது. அது கெட்டால் ஊசலின் வீச்சு குறைந்து ஓட்டமே மாறிவிடும். அக்கால எண்ணெய்கள் விலங்குகளிடமிருந்தும் தாவரங்களிலிருந்தும் எடுத்தவை, எளிதில் கெடுபவை. அந்த நிலையில், கொஞ்சம் கனத்தைத் தாங்கிக்கொண்டு எண்ணெயைக் காப்பாற்றுவது நியாயமான பேரமாகவே எனக்குப் படுகிறது. இன்றைய செயற்கை எண்ணெய்களும் சிலிக்கான் சக்கரங்களும் வந்த பின்னர் அந்தப் பேரத்துக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது.

அமெரிக்க ரயில்வேக்காகச் செய்த உயர்தரக் கடிகாரங்கள் சிலவற்றில் நடுச்சக்கரம் தங்கக் கலவையில் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு மணிக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும் சக்கரம் அது. கனத்தால் நட்டமும் இல்லை, பெரிய இலாபமும் இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஹேர்ஸ்பிரிங்கையே தங்கத்தில் செய்து பார்த்தவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ஜான் ஆர்னால்டு கடற்பயணத்துக்கான மிகத் துல்லியமான கடிகாரங்களாகிய குரோனோமீட்டர்களைச் செய்துகொண்டிருந்தபோது, உப்புக் காற்றில் எஃகுச் சுருள்வில் துருப்பிடிப்பது பெரும் சிக்கலாக இருந்தது. மயிரிழை போன்ற வில்லில் ஒரு துருப்புள்ளி விழுந்தாலே விறைப்பு மாறிவிடும். அதனால் தங்கக் கலவையை இழுத்து இறுக்கிக் கம்பியாக்கி அவர் சுருள்வில் செய்தார். ஆனால் வில்லுக்கு வேண்டியது விறைப்பு. அதில் தங்கம் எஃகின் பாதிக்கும் கீழே. அதே விறைப்பைப் பெறக் கம்பியைத் தடிப்பாக்க வேண்டும். தடித்தால் கனம் கூடும். கனம் கூடினால் வில் தன் எடையாலேயே தொய்யும். குலுக்கினால் உருமாறும் அச்சமும் இருந்தது. பின்னாளில் துருப்பிடிக்காத பல்லேடியம் கலவைகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அடர்த்தி இங்கே நேரடியான குறையாகிவிட்டது. தங்கம் எங்கும் பொருந்தும் என்று நினைப்பவர்களுக்கு ஆர்னால்டின் வில்லை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அவர் எடுத்த முடிவு அறிவுள்ள முடிவு, தோற்றது பொருளின் இயல்பால்.

மென்மை ஒரு வரமாக அமைந்த இடம் கல் பதிப்பு. கடிகாரத்தில் சக்கரங்களின் அச்சு முனைகள் துளையிட்ட மாணிக்கக் கற்களில் சுழல்கின்றன. கல்லில் துளையிடும் முறைக்கு நிக்கோலா ஃபாசியோ 1704-இல் லண்டனில் டெபோஃப்ர் சகோதரர்களுடன் சேர்ந்து உரிமை பெற்றார். அக்காலக் கற்கள் இயற்கையில் கிடைத்தவை. ஒன்றைப் போல ஒன்று இராது. ஒவ்வொரு கல்லுக்கும் ஏற்ப ஒரு தங்க வளையத்தைக் கடைந்து, கல்லை அதில் உட்கார வைத்து, வளையத்தின் மெல்லிய ஓரத்தை மழுங்கிய எஃகு முனையால் அழுத்தி அழுத்திக் கல்லின் மேல் மடித்தார்கள். நகைக்குக் கல் பதிப்பவரின் கைவேலையேதான் இது. கடினமான உலோகமாக இருந்தால் மடிக்கும் விசையில் கல் உடையும், அல்லது ஓரம் வெடிக்கும். தங்கம் கல்லோடு இழைந்துகொடுத்து, பிறகு அப்படியே நின்றுவிடும். இந்த வளையத்துக்கு ஷாட்டோன் என்று பெயர். இரண்டு அல்லது மூன்று சிறிய நீல எஃகுத் திருகுகளால் அதை, பாகங்களைத் தாங்கும் தகடான பிளேட்டில் பிணைப்பார்கள். கல் உடைந்தால் பிளேட்டைத் தொடாமல், ஷாட்டோனை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம்.

எனக்கும் ஒரு ஷாட்டோனுக்கும் நடந்த கதையை இங்கே எழுதியாக வேண்டும். தொடக்கக் காலத்தில், ஒரு பாக்கெட் கடிகாரத்தின் ஷாட்டோன் திருகு ஒன்று இறுகிப்போய் அசைய மறுத்தது. திருப்புளியின் அலகு திருகுத் தலையில் உள்ள காடியைவிடச் சற்றே ஒடுக்கமாக இருந்தது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. மாற்றி எடுக்காமல் அழுத்தித் திருப்பினேன். அலகு வழுக்கித் தங்க வளையத்தின் மேல் ஓடியது. திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்தில் இருந்த பித்தளைப் பிளேட்டில் மெல்லிய கோடு மட்டும் விழுந்தது, தங்கத்திலோ உழவுசால் போல ஒரு பள்ளம். லென்ஸில் பார்த்தபோது, அலகு தள்ளிக்கொண்டு போன தங்கம் பள்ளத்தின் இரு கரையிலும் சுருண்டு நின்றது. உலோகம் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறி நின்றது. ஒரு தாமிரக் குச்சியால் தேய்த்து ஓரளவு மறைத்தேன், முழுவதும் மறையவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருகின் காடிக்கும் ஏற்ப அலகைத் தீட்டிக்கொள்ளாமல் நான் எந்த மூவ்மெண்டையும் தொடுவதில்லை.

ஆகுஸ்ட் வெர்னாய் 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பின்னர், ஒரே அளவுடைய கற்களை வேண்டிய மட்டும் செய்ய முடிந்தது. அவற்றைத் துளையில் நேராக அழுத்திப் பொருத்தும் முறையும் வந்தது. ஷாட்டோனின் தேவை அத்தோடு முடிந்தது. ஆயினும் 1994-இல் மறுபடி சந்தைக்கு வந்த லாங்கே தன் மூவ்மெண்டுகளில் திருகு வைத்த தங்க ஷாட்டோன்களை இன்னும் வைக்கிறது. இப்போது அவை மரபின் அடையாளம் மட்டுமே என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் மெருகேற்றிய தங்க வளையத்தின் நடுவில் சிவந்த கல்லையும், அதைச் சுற்றி மூன்று நீலத் திருகுகளையும் லென்ஸில் ஒருமுறை பார்த்தவருக்கு, அது எதற்கு என்று கேட்கும் மனம் எளிதில் வராது.

தங்க முலாம் பற்றி ஒரு பத்தி போதும், ஆனால் அந்தப் பத்தியை விட்டுவிட முடியாது. ஏனெனில் எண்ணிக்கையில் பார்த்தால் கடிகாரங்களுக்குள் தங்கம் மிகுதியாக வந்தது இந்த வடிவில்தான். பித்தளைப் பிளேட்டுகள் கறுக்காமல் இருக்கத் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கிப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். தங்கம் பித்தளையோடு இறுகப் பற்றி, பூம்பொடி தூவியதுபோன்ற மென்மையான மஞ்சள் நிறத்தில் நின்றது. அந்த ஆவியைச் சுவாசித்த முலாம் தொழிலாளர்களின் உடல் நடுங்கியது, பற்கள் உதிர்ந்தன, பலர் இளமையிலேயே இறந்தார்கள். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தினர் மின்முலாமுக்கு உரிமை பெற்ற பின்னர்தான் அந்தக் கொடுமை படிப்படியாக முடிவுக்கு வந்தது. பழைய நெருப்பு முலாம் பூசிய பிளேட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மனிதர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பிளேட்டை யாரும் மெருகுத்தூள் வைத்துத் தேய்க்க வேண்டாம்; போன முலாம் அந்த நிறத்தில் திரும்பி வராது.

இனி ரோட்டார். கையசைவிலேயே தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும் கடிகாரத்தில், அரைவட்ட வடிவில் சுழலும் கனமான துண்டு அது. அதன் கனம் புவியீர்ப்பால் கீழ்நோக்கி இழுக்கப்படும்போது உண்டாகும் திருப்புவிசைதான் உள்ளே இருக்கும் வில்லை முறுக்குகிறது. ஆகவே அடர்த்தி கூடக்கூடப் பயன் கூடும். பதேக் ஃபிலிப் 1953-இல் தன் முதல் தானியங்கிக் கடிகாரத்தில், 12-600 ஏடி என்ற மூவ்மெண்டில், 18 காரட் ரோட்டாரை வைத்தது. முழு அகலத்துக்குச் சுழலும் ரோட்டாருக்குப் பித்தளையின் விளிம்பில் கனமான வேறோர் உலோகத்தைப் பொருத்தினாலும் வேலை நடக்கும். தங்கம் உண்மையிலேயே தேவைப்பட்டது மைக்ரோ ரோட்டாரில்.

மூவ்மெண்டின் மேல் ரோட்டார் சுழன்றால் கடிகாரம் தடிக்கும். அதைத் தவிர்க்க, ரோட்டாரைச் சிறிதாக்கி மூவ்மெண்டின் தளத்துக்குள்ளேயே புதைத்தார்கள். 1960-இல் வந்த, சுவிஸ் நிறுவனமான பியாஜேயின் 12பி மூவ்மெண்டின் தடிப்பு 2.3 மி.மீ. மட்டுமே, 1977-இல் வந்த பதேக் ஃபிலிப் 240-இன் தடிப்பு 2.4 மி.மீ. இரண்டிலும் ரோட்டார் தங்கம். பின்னதில் அது 22 காரட். காரணம் வடிவியலில் இருக்கிறது. ஒரே தடிப்புடைய அரைவட்டத்தின் நிறை ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும்; அதன் நிறை மையம் அச்சிலிருந்து விலகியிருக்கும் தொலைவும் ஆரத்துக்கு ஏற்ப மாறும்; இரண்டையும் பெருக்கினால் திருப்புவிசை ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். ஆரத்தைப் பாதியாக்கினால் திருப்புவிசை எட்டில் ஒரு பங்காகிவிடும். இழந்ததை மீட்க எஞ்சியிருக்கும் ஒரே வழி அடர்த்தி. பித்தளைக்குப் பதில் 22 காரட் தங்கத்தை வைத்தால் இருமடங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். மீதியைப் பற்சக்கர அமைப்பிலும் உரசலைக் குறைப்பதிலும் தேட வேண்டும். 1967-இல் சுவிஸ் நிறுவனமான ஜெஜேர் லெகூல்த்ர் உருவாக்கிய 920 மூவ்மெண்ட் வேறொரு வழியில் சென்றது: முழு அகல ரோட்டார், அதன் விளிம்பில் மட்டும் 21 காரட் தங்கம், அதைத் தாங்க மாணிக்க உருளைகள், தடிப்பு 2.45 மி.மீ. தங்கத்தின் கனம் தொய்ந்து பிளேட்டில் உரசாமல் இருக்க அந்த உருளைகள் தேவைப்பட்டன. இவ்வளவு மெல்லிய இடைவெளியில் கனமும் ஓர் எதிரிதான்.

ஆனால் டங்ஸ்டன் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தூய தங்கத்துக்கு மிக அருகில். ரோட்டாருக்குப் பயன்படும் டங்ஸ்டன் கலவைகள் 22 காரட் தங்கத்துக்கு ஈடாகவே நிற்கின்றன, செலவோ மிகக் குறைவு. சாவி ஏற்றும் வேலையை மட்டும் பார்த்தால் இன்று தங்க ரோட்டாருக்கு அவசியம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டங்ஸ்டனை உருக்குவதற்கு 3,400 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதனால் பொடியை அழுத்திச் சுட்டுத்தான் துண்டாக்குகிறார்கள். அப்படிச் செய்த துண்டில் செதுக்குளி தங்கத்தில் ஓடுவதுபோல் ஓடாது. ரோட்டாரில் அலையலையாகக் கோலமிட்ட நுண்கோடுகளைத் தங்கத்தில் வெட்டும்போது, இழை அறுபடாமல் சுருண்டு வரும், வெட்டிய பரப்பு மெருகு தேவைப்படாமலே மின்னும். பார்ப்பதற்காகவே வைத்த பின்கண்ணாடி வழியே தெரியும் பாகத்துக்கு அது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, மூவ்மெண்டின் உடலையே தங்கத்தில் செய்வது. சுவிஸ் கடிகாரக் கலைஞர் கான்ஸ்டன் ஜிரார், பேலன்ஸ் சக்கரமும் எஸ்கேப்மெண்டும் ஒரு கூண்டோடு சேர்ந்து சுழலும் தன் டூர்பியோன் கடிகாரங்களில், சக்கர அச்சுகளைப் பிடித்து நிற்கும் பாலம் போன்ற மூன்று தங்கப் பிரிட்ஜுகளை அம்பு வடிவில் இணையாக வைத்து, அந்த வடிவத்துக்கு 1884-இல் அமெரிக்காவில் உரிமை பெற்றார்; அவற்றில் ஒன்றான லா எஸ்மெரால்டா 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றது. வின்சென்ட் கலாப்ரேசே வடிவமைத்த குச்சி போன்ற மூவ்மெண்டை 1980-இல் கோரம் நிறுவனம் தங்கத்தில் வெளியிட்டது. ஜெனீவாவின் கடிகாரக் கலைஞர் எஃப்.பி. ஜூர்ன் 2004 முதல் தன் மூவ்மெண்டுகளின் பிளேட்டுகளையும் பிரிட்ஜுகளையும் 18 காரட் ரோஸ் கோல்டில் செய்து வருகிறார். அதற்கு முன்னர் அவர் பயன்படுத்தியது பித்தளை. பித்தளையில் ஓடிய மூவ்மெண்டும் தங்கத்தில் ஓடும் மூவ்மெண்டும் நேரம் காட்டுவதில் வேறுபட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. பிளேட் அசையாத பொருள்; அதன் கனம் எதையும் ஓட்டுவதில்லை. கறுக்காத தன்மை ஒன்றுதான் பயன். அதை ரோடியம் பூச்சும் தரும்.

இருந்தும், ஜூர்ன் மூவ்மெண்டின் அந்த இளஞ்சிவப்பு நிறம் பூச்சு அல்ல என்று அறிந்து பார்க்கும்போது, முலாம் பூசிய எதிலும் கிடைக்காத நிறைவு கிடைக்கிறது. சுரண்டினாலும் உள்ளே அதே நிறம் என்பது சிறிய செய்தி இல்லை. செய்பவருக்கோ அது கடினமான வழி. தங்கம் வெட்டுளியில் ஒட்டிக்கொள்ளும், துளையின் ஓரத்தில் பிசிறு எழுப்பும். வெட்டி எறிந்த ஒவ்வொரு சுருளையும் பெருக்கித் திரட்டி எடை போட வேண்டும். பழுதுபார்ப்பவருக்கும் எச்சரிக்கை தேவை. எஃகுத் திருகு தங்க மரையில் இறங்கும்போது, பித்தளையில் கை உணரும் அந்தத் தெளிவான நிறுத்தம் கிடைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் போகும் போலத் தோன்றும், அந்தக் கொஞ்சத்தில் மரை கழன்றுவிடும். அதனால் தங்கத்தில் திருகும்போது கடைசிக் கால் சுற்றுக்கு முன்னர் கையை எடுத்து, திருப்புளியின் தலையில் இருந்த விரலை நீக்கி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் தொட்டிருக்க மீதியை முடிக்கிறேன்.